காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகட சத்தம்: டென்ஷனர் மட்டும் மாற்றினால் போதுமா, டைமிங் செயினும் மாற்ற வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: 150 சிசி, ஒற்றை சிலிண்டர், 46,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நாலைந்து விநாடி கடகடக்கிறது, சூடான பிறகும் சிக்னலில் நிற்கும்போது லேசாகக் கேட்கிறது. வேளச்சேரி மெக்கானிக் ‘செயின் செட்டையே மாத்திடலாம்’ என்கிறார். டென்ஷனர் மட்டும் வாங்கி வீட்டிலேயே மாட்டலாமா என்பது உங்கள் சந்தேகம். (இங்கே செயின் என்றால் எஞ்சினுக்குள் கிராங்கிலிருந்து, வால்வுகளை இயக்கும் கேமைச் சுற்றும் டைமிங் செயின்; அதன் தொய்வை எடுப்பது டென்ஷனர்.)

மாட்டலாம். இரண்டு போல்ட், ஒரு பேக்கிங், கை பழகியவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் செயின் நீண்டுபோயிருந்தால் புது டென்ஷனர் போட்டும் கொஞ்ச நாளில் சத்தம் திரும்பிவிடும். டென்ஷனர் போயிருக்கிறதா, செயின் போயிருக்கிறதா என்ற கணக்கு அதைக் கழற்றும் விதத்திலேயே கிடைக்கும். பெரும்பாலானோர் நேராக ஸ்பேனரைப் போட்டுக் கழற்றி அந்தக் கணக்கைத் தொலைத்துவிடுகிறார்கள்.

முதலில் சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். கிராங்க் இழுக்கும்போது செயினின் முன்பக்கம் விறைப்பாக இருக்கும், பின்பக்கம் தொய்யும். அதனால்தான் டென்ஷனரை சிலிண்டரின் பின்புறம் வைக்கிறார்கள். கேமின் மூக்கு, வால்வைத் தள்ளும் ராக்கரைத் தாண்டியதும் வால்வு ஸ்பிரிங் கேமை முன்னால் உந்திவிடும். செயின் ஒரு கணம் தளர்ந்து மறுகணம் வெட்டி இழுக்கும். ஐடிலில் இது மெதுவாக, தனித்தனி அடியாக நடப்பதால் காதில் கடகட என்று விழுகிறது. ரெவ் ஏறினால் அடங்கிவிடும். பிறகு 2,500, 3,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். ரெவ் இறங்கும் வழியில் ஒரு உதறல் கேட்டால் சந்தேகம் செயின் பக்கம்தான்.

டேப்பெட் (ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இடைவெளி) சத்தம் வேறு. அது ஹெட் கவரிலிருந்து வரும் சீரான டிக் டிக். ரெவ் ஏறினால் வேகமாகுமே தவிர மறையாது. சைலன்சர் ஜாயிண்டில் கேஸ் கசிந்தாலும் டிக் டிக் என்றுதான் கேட்கும். ஈரத் துணியைக் குச்சியில் சுற்றி அந்த ஜாயிண்டில் அழுத்திப் பிடித்தால் சத்தம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டென்ஷனர் பாடியில் வைத்து, கைப்பிடியைக் காதருகே எலும்பில் அழுத்திக் கேளுங்கள். பிறகு அதே நுனியை ஹெட் கவரிலும் மேக்னெட் கவரிலும் வையுங்கள். எங்கே சத்தம் கூர்மையாக இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. லோடில் அடியிலிருந்து வரும் கனமான டொக் டொக் கனெக்டிங் ராடுடையது. அதை டென்ஷனரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆயில் அளவையும் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டு மீண்டும் கேளுங்கள். சத்தத்தை அமுக்க மேனுவலில் சொன்னதைவிடத் தடித்த ஆயில் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது; எனக்கு அதில் உடன்பாடில்லை. சூட்டில் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் காலை ஸ்டார்ட்டில் அந்த ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். ஆயிலை வடிக்கும் நேரம் வந்திருந்தால் வெள்ளைத் துணி வழியாக வடியுங்கள். கறுப்பு ரப்பர் துணுக்குகள் வந்தால், செயினை அழுத்தும் பட்டையான டென்ஷனர் பிளேடு தேய்ந்து உரிகிறது என்று அர்த்தம். அலுமினியப் பொடி மினுக்கினால் செயின் உள்சுவரில் உரச ஆரம்பித்திருக்கலாம். பார்த்து முடிக்கும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம்.

இனி கழற்றுவது. சிலிண்டரின் பின்பக்கம் பின்சக்கரச் சேறு, வெளிச் செயினின் கிரீஸ் எல்லாம் அப்பியிருக்கும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு முதலில் துடையுங்கள், ஏனென்றால் டென்ஷனர் ஓட்டைக்குள் விழும் மண் நேராக ஆயிலில் போய்ச் சேரும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரை ஓரம் நிற்கும் வண்டிகளில் அந்த 6 மி.மீ. போல்ட்டுகள் உப்புக் காற்றில் பிடித்துப்போயிருக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுத் தலை முறிந்தால் அரை மணி நேர வேலை லேத் பட்டறை வரை போய்விடும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் கிராங்க் லேசாகச் சுற்றும். மேக்னெட் கவரிலுள்ள பெரிய மூடியையும் சிறிய டைமிங் மூடியையும் திறந்து, பெரிய ஓட்டை வழியாக பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, இடப்பக்கமிருந்து பார்க்கையில் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். சின்ன ஓட்டையில் மேக்னெட் ரோட்டரின் ‘டி’ குறி வரும். அது கவரின் வெட்டோடு நேராக நிற்க வேண்டும். டேப்பெட் மூடிகளைத் திறந்து இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் கொஞ்சம் லூஸ் இருந்தால் கம்ப்ரெஷன் டாப், அதாவது பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலை. இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று. இந்த நிலையில் வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளாது, செயின் தொய்ந்தாலும் கேம் அசையாது. இதைச் செய்யாமல் டென்ஷனரைக் கழற்றி, கியரில் வண்டி ஒரு அடி உருண்டாலும் செயின் பல் தாண்டலாம். அப்புறம் செல்ஃப் அழுத்தும்போது வால்வும் பிஸ்டனும் மோத வாய்ப்புண்டு. மூடிகள் திறந்திருக்கும்போதே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் போட்டு டேப்பெட்டையும் பார்த்துவிடுங்கள். பல 150 சிசி வண்டிகளில் இன்லெட் 0.05 முதல் 0.08 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.10 முதல் 0.12 மி.மீ. என்ற அளவில் இருக்கும். உங்கள் மேனுவலில் உள்ள எண்தான் இறுதி.

ஹோண்டா வழி வந்த எஞ்சின்களில் பெரும்பாலும் ஸ்க்ரூ வகை டென்ஷனர்தான் இருக்கும். உள்ளே சுருள் ஸ்பிரிங் ஒரு மரையுள்ள தண்டைச் சுழற்ற, பிளஞ்சர் என்ற முனைத் தண்டு வெளியே வந்து பிளேடைத் தள்ளும். பின்னால் நடுவிலுள்ள சின்ன மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு வெட்டு தெரியும். அதில் மெல்லிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துக் கடிகாரத் திசையில், முழுக்க உள்ளே போய் நிற்கும்வரை சுற்றுங்கள். எத்தனை சுற்று போனது என்று எண்ணுங்கள், அரைச் சுற்றையும் விடாமல். அதே நிலையில் பிடித்துக்கொண்டு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றித் தளர்த்தி எடுங்கள். வெளியே எடுத்த பின் பிளஞ்சரை முழுக்க நீளவிட்டு, மறுபடி உள்ளே போகும்வரை சுற்றி எண்ணுங்கள். உதாரணமாக மொத்தப் பயணம் ஐந்து சுற்று, வண்டியில் இருந்தபோது இரண்டே சுற்றுதான் நீண்டிருந்தது என்றால் செயினில் உயிர் இருக்கிறது. நாலரை என்றால் டென்ஷனர் கையை முழுக்க நீட்டிவிட்டது; செயினும் பிளேடும்தான் போயிருக்கின்றன, உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

செயின் நீள்வது இரும்பு இழுபட்டு அல்ல. ஒவ்வொரு பின்னும் அதன் ஓட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சுமார் 94 கண்ணியுள்ள செயினில் கண்ணிக்கு 0.02 மி.மீ. தேய்ந்தாலே மொத்தம் 1.9 மி.மீ. கூடிவிடும். வால்வு டைமிங்கும் கொஞ்சம் பின்தங்கும். வண்டி கீழ் ரெவ்வில் இழுவை இல்லாமல் இருக்கிறது என்று தோன்றினால் அதற்கும் இது ஒரு காரணம்.

கையிலுள்ள பழைய டென்ஷனரையும் சோதியுங்கள். கட்டைவிரலால் பிளஞ்சரை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரால் சுற்றினால் உள்ளே போக வேண்டும், விட்டவுடன் தயங்காமல் துள்ளி வெளியே வர வேண்டும். அழுத்தினால் அமுங்குகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா? டென்ஷனர் முடிந்தது. ஒரு விஷயம்: சிக்கிக்கொண்ட டென்ஷனரில் எண்ணிய சுற்றுக்கு மதிப்பில்லை, செயினின் தொய்வு வரை அது போயே இருக்காது. அப்போது புது டென்ஷனரை மாட்டி விடும்போது எத்தனை சுற்று வெளியே வந்து நிற்கிறது என்று எண்ணி முடிவெடுங்கள்.

ராட்செட் வகையில் பிளஞ்சரில் பல் வெட்டியிருக்கும், நடுப் போல்ட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் நிற்கும். இதில் நடுப் போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் முதலில் எடுங்கள், பிறகுதான் இரண்டு போல்ட். அப்போதுதான் பிளஞ்சர் வண்டியில் நின்ற பல்லிலேயே நிற்கும்; வெளியே எத்தனை பல் மிச்சம் என்று பார்க்கலாம். வரிசை மாறினால் ஸ்பிரிங் கடைசிப் பல் வரை தள்ளிவிடும், ஒன்றும் தெரியாது.

இந்த வேலையில் அதிகம் நடக்கிற தப்பு இதுதான்: ‘சும்மா கழற்றிப் பார்ப்போம்’ என்று இரண்டு போல்ட்டையும் நாலு மரை தளர்த்திவிட்டு, பிளஞ்சரை உள்ளே இழுக்காமல் திரும்ப இறுக்குவது. தளர்த்திய அந்தச் சில மில்லிமீட்டருக்கு பிளஞ்சர் முன்னால் நகர்ந்திருக்கும், பின்னால் போகவும் அதற்குத் தெரியாது. இறுக்கும்போது செயின் வீணைக் கம்பி மாதிரி விறைக்கும். கடகட போய் ஒரு ஊளைச் சத்தம் வரும், சத்தம் போயிற்றே என்று சந்தோஷப்படுவார்கள். பிளேடும் கேம் தாங்கியும் வேகமாகத் தேயும், டென்ஷனர் பாடியில் விரிசலும் விழலாம்.

பாகம் வாங்கச் சென்னையில் ஸ்பேர் கடைகள் உள்ள ஜி.பி. ரோடு போகிறீர்கள் என்றால் பழைய டென்ஷனரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பிளஞ்சர் நீளம் மாறலாம். கம்பெனி பெட்டியில் உள்ளதை வாங்கி, கடையிலேயே கட்டைவிரல் சோதனையைச் செய்யுங்கள். கூடவே டென்ஷனர் பேக்கிங் ஒன்று, மூடி போல்ட்டின் ஓ ரிங் ஒன்று. 150 சிசிக்கு எல்லாம் சில நூறு ரூபாயில் முடியும். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் மட்கார்டு வாங்கலாம், பழைய டென்ஷனர் வாங்காதீர்கள்.

மாட்டும்போது பிளஞ்சரை முழுக்க உள்ளே சுற்றி நிறுத்துங்கள். புதிதில் பெரும்பாலும் ஒரு பூட்டுத் தகடு இருக்கும். இல்லாவிட்டால் பழைய ஹேக்சா பிளேடைத் தேய்த்து வெட்டுக்குள் பொருந்துமாறு செய்துகொள்ளலாம். பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டும்போது ஓட்டையில் துணி அடைத்துக்கொள்ளுங்கள், மறக்காமல் எடுங்கள். பேக்கிங்குக்கு மேல் பேஸ்ட் தடவ வேண்டாம். பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். போல்ட்டுகளைக் கையால் உட்காரவைத்து, மாற்றி மாற்றி 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் சின்ன ஸ்பேனரை இரண்டு விரலில் பிடித்து இறுக்கினால் போதும், அலுமினிய மரை அதற்கு மேல் தாங்காது. இதற்குப் பிறகுதான் பூட்டை எடுத்து பிளஞ்சரை விட வேண்டும். கடைசியாக ஓ ரிங்கோடு மூடி போல்ட்.

செல்ஃபைத் தொடாதீர்கள். கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயும் முட்டாமல் சுற்றி, ‘டி’ குறி வெட்டுக்கு நேராக வந்து, ராக்கர்களில் மறுபடி லூஸ் இருந்தால் எல்லாம் சரி. முட்டினால் அதோடு நிறுத்தி, ஹெட் கவரைத் திறந்து கேம் ஸ்ப்ராக்கெட் குறியைச் சரிபாருங்கள்.

செயின் மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற கணக்கு வந்தால் அது வீட்டு வேலை இல்லை. பல எஞ்சின்களில் மேக்னெட்டைப் புல்லர் போட்டு எடுக்க வேண்டும், செயினின் முன்பக்கத்தைத் தாங்கும் கைடை எடுக்க ஹெட்டும் இறங்க வேண்டியிருக்கும். பட்டறையில் கொடுத்தால் செயின், பிளேடு, கைடு மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லி, பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சிசி வண்டி வைத்திருப்பவர்கள் சிலிண்டருக்குப் பின்னால் தேட வேண்டாம். அதில் எஞ்சினின் அடியில் போல்ட், ஸ்பிரிங், புஷ் ராடு என்று வேறு அமைப்பு. பழைய புல்லட்டில் டைமிங் செயினே கிடையாது. 2020-ல் வந்த மீட்டியார் 350-இன் எஞ்சினில்தான் ராயல் என்ஃபீல்டின் 350 சிசிக்கு அந்தச் செயின் வந்தது.

மறுநாள் காலை எஞ்சின் முழுக்க ஆறியபின் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஆயில் பிரஷரில் இயங்கும் ஹைட்ராலிக் வகையாக இருந்தால் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு விநாடி கடகடத்து அடங்குவது இயல்பு. ரெவ்வோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, கம்ப்ரெஷன் டாப்பில் வைத்து, பிளஞ்சரை உள்ளே இழுத்து முதலிலிருந்து மாட்டுங்கள்.