முதலில் அந்த கேசட்டுகளை எடுங்கள்

கேள்வி: டெல்டாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பழைய வார இதழ்கள் தொட்டாலே உதிர்கின்றன. இன்னொரு பீரோவில், 1980களில் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த நடவுப் பாட்டு, ஒப்பாரி கேசட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பணம் ஒன்றுக்குத்தான் வரும். எதை முதலில் காப்பாற்றுவது? வேப்பிலை போட்டு வைத்தால் போதுமா?
- நூலக உதவியாளர், கும்பகோணம்

பதில்: கேசட்டுகளை. யோசிக்கவே வேண்டாம். இதழ்த்தாள் மரக்கூழில் செய்தது, அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுத்து அமிலமாகி உதிர்கிறது. ஆனாலும் அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து இருட்டில் விட்டால் இன்னும் சில வருஷம் தாங்கும், அதே இதழ் வேறு நூலகத்தில் இருக்கவும் வாய்ப்புண்டு. அந்த ஒப்பாரி உங்கள் பீரோவில் மட்டும்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்து நடுவிலுள்ள ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரம் ஒரே நிறமாக வழவழவென்று இருந்தால் நல்லது, மாவு தூவியது போல வெள்ளையாக இருந்தால் பூஞ்சணம். அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், பிளேயரில் போடவே கூடாது. பிளேயரில் நாடா உரசி ஓடும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நான் வேலை பார்த்த இடத்தில் அவசரப்பட்டு ஒன்றை ஓடவிட்டு, ஒரு பாட்டியின் தாலாட்டு பாதியில் அறுந்துபோனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நல்லதாக இருப்பவற்றை உடனே கணினிக்கு மாற்றுங்கள், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாக. சுருக்கிய எம்பி3 ஃபைல் கேட்கிறவர்களுக்குத் தர மட்டும். 60 நிமிஷக் கேசட்டுக்கு 60 நிமிஷம் உட்காரத்தான் வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி ஒன்றை டெல்டாவுக்கு வெளியே வையுங்கள், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததை நாம் பார்த்தவர்கள்தானே.

அப்புறம் ஏசி. பகலில் போட்டு சாயங்காலம் நிறுத்துவது, போடாமலே இருப்பதைவிட மோசம், ராத்திரி வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கித் தாளையும் நாடாவையும் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் கிளம்பிவிடும், அதனால் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு ஃபேன் ஓடவிடுங்கள்.

வேப்பிலை பச்சையாக வேண்டாம், அதுவே ஈரம். தஞ்சை சரஸ்வதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் பழக்கம் உண்டு. தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சியை விரட்ட அது நல்லது, பூஞ்சணத்துக்கு அதை நம்பாதீர்கள். கிழிந்த இதழில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது.

இன்னொன்று, பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒவ்வொரு கேசட்டுக்கும் எழுதி வையுங்கள். பதிவு செய்த பேராசிரியர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.