கட்டணத்தை ஏற்றினால் பள்ளம் நிரம்புமா?

கேள்வி: சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பணமில்லை என்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அரசிடம் கையேந்தி நிற்கின்றனவே! தேர்வுக் கட்டணத்தை ஏற்றிச் சொந்தக் காலில் நிற்கக் கூடாதா?

பதில்: நிற்கலாம், வருமான வரித் துறை அந்தக் காலை வாரிவிடாமல் இருந்தால்.

அரசு நிதியில் பெருமளவு நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் விலக்கு தந்தது. பெருமளவு என்றால் எவ்வளவு? 2014இல் விதி வந்தது: ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மானியம் 102 கோடி, சொந்த வரவு 98 கோடி என்றால் 51 சதவீதம், தப்பித்தது. கட்டணத்தை ஏற்றிச் சொந்த வரவை 108 கோடி ஆக்கினால் மானியத்தின் பங்கு 48.6க்கு இறங்கிவிடும். பத்து கோடி கூடுதலாகச் சம்பாதித்த குற்றத்துக்கு அந்த விலக்கே போய்விடும்! அரசு மானியத்தை வெட்டினாலும் இதே கதிதான். சென்னைப் பல்கலைக்கழகம் மாட்டிக்கொண்டதும் இந்தப் பாதிக்கணக்கில்தான். 2024 பிப்ரவரியில், வரி பாக்கி 424 கோடி என்று சொல்லி அதன் வங்கிக் கணக்குகளையே முடக்கினார்கள். வேறு பிரிவில் விலக்குக் கேட்க வழி உண்டு. ஆனால் அதற்குத் தனியே பதிவு வேண்டும், தணிக்கை அறிக்கையைக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும், வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவு செய்து காட்ட வேண்டும்.

சரி, மானியம் ஏன் சுருங்குகிறது? செலவழித்ததையெல்லாம் அரசு தருவதில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கை ஒப்புக்கொண்டதைத்தான் தரும். அரசாணை இல்லாமல் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் தீர்மானத்தோடு உருவாக்கிய பணியிடம், தொலைநிலைக் கல்விக்கென்று எடுத்து வேறு துறையில் உட்காரவைத்த ஊழியர் என்றால் அந்தச் சம்பளத்தைத் தணிக்கை ஆட்சேபித்துக் கழித்துவிடும். (இதில் அரசை மட்டும் திட்டிப் பயனில்லை, பல சிண்டிகேட்டுகள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவைதான்.) ஆட்சேபணை நீங்கும்வரை பணம் வராது. சம்பளத் தேதி காத்திருக்குமா? முதலில் வைப்பு நிதியில் கை வைப்பார்கள், அது கரைந்ததும் ஓய்வூதிய நிதியில்.

ஒரு காலத்தில் இந்த ஓட்டையை அடைத்தது தொலைநிலைக் கல்வி. மாநிலத்துக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது, தர மதிப்பீட்டு அமைப்பான நாக் தரும் மதிப்பெண் இல்லாமல் அனுமதி இல்லை என்று யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இறுக்கியதும் அந்த ஊற்று வற்றியது. கட்டண வரவு தந்த இணைப்புக் கல்லூரிகளும் கைமாறின. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோது நெல்லைச் சீமைக் கல்லூரிகளை மதுரை காமராசர் இழந்தது. 2002இல் திருவள்ளுவர் வந்தபோது வேலூர்ப் பக்கத்தைச் சென்னை இழந்தது. கல்லூரிகள் போயின, ஓய்வூதியர்கள் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள். புதிதாக ஆள் எடுக்காவிட்டாலும் வளர்ந்துகொண்டே போகும் செலவு இது.

ஆகவே அரசு முதலில் ஏற்க வேண்டியது ஓய்வூதியத்தை. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கருவூலத்திலிருந்து நேரே ஓய்வூதியர் கணக்கில் போட்டால் அது பல்கலைக்கழகத்தின் வரவாகாது. மானியமாகப் பல்கலைக்கழகக் கணக்குக்கு வந்து அங்கிருந்து போனால்தான் 50 சதவீதக் கணக்கில் சேரும். பதிலுக்குப் பல்கலைக்கழகங்கள் ஆட்சேபணைக்குள்ளான பணியிடங்களின் பட்டியலை மேசையில் வைக்கட்டும்: தேவையானவற்றுக்கு அரசாணை, மற்றவற்றுக்கு ஆள் ஓய்வுபெறும் நாளோடு முற்றுப்புள்ளி.