முன் பிரேக்கைத் தொடாதே என்கிறார் அப்பா. அவசரத்தில் மோட்டார் சைக்கிளை எப்படி நிறுத்துவது?

எல் லைசன்ஸில் (பழகுநர் உரிமத்தில்) காப்சாய் என்ற சின்ன கியர் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகும் தம்பி கேட்டது இது: அவசரத்துக்குக் கால் பிரேக்கை மிதித்தால் பின் டயர் வழுக்குகிறது, முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

என் அப்பாவும் அதையேதான் சொன்னார். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து மண் ரோட்டிலேயே காலமெல்லாம் ஓட்டியவர். உதிரிக் கல்லில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டவர். அந்த ரோட்டுக்கு அவர் சொன்னது சரி. நான்தான் அதைத் தார் ரோட்டுக்கும் கொண்டுவந்தேன். முன்னால் போன செம்பனை லாரி சட்டென்று நின்றது. காலால் மட்டும் ஓங்கி மிதித்தேன். பின் டயர் கிறீச்சிட்டுப் பக்கவாட்டில் ஓட, நானும் மோட்டாரும் ரோட்டோர லோங்காங்கில் (சாக்கடையில்) கிடந்தோம். முன் பிரேக்கில் என் விரல் படவே இல்லை.

பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது. பின் டயர் லேசாகிவிடுவதால் கொஞ்சம் அழுத்தி மிதித்தாலே சுற்றுவது நின்று வழுக்கும். முன் டயரோ ரோட்டில் நன்றாக அழுந்துகிறது. காய்ந்த தார் ரோட்டில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஆனால் பாரம் முன்னால் வந்து சேரக் கண நேரம் வேண்டும். அதற்குள் முழு பலத்தோடு பிடித்தால் அப்பா சொன்னது நடந்துவிடும்.

அதனால் தேங்காய்ப்பால் பிழிவது மாதிரி பிடியுங்கள்: முதலில் இதமாக, அப்புறம் இறுக்கி, இன்னும் இறுக்கி. காலிலும் அளவாக மிதியுங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும், கண் தூரத்தில் இருக்கட்டும். லாரியின் பின்பக்கத்தையே பார்த்தால் அதில்தான் போய் முட்டுவீர்கள். முன் சக்கரம் வழுக்குவது தெரிந்தால் உடனே விட்டு, மறுபடி மெதுவாகப் பிடியுங்கள். பெரும்பாலான காப்சாயில் ஏபிஎஸ் (சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்கப் போனால் தானே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் கருவி) கிடையாது, அந்த வேலையை உங்கள் விரல்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, ஆக்சிலரேட்டரை முறுக்குவதும் முன் பிரேக்கைப் பிடிப்பதும் ஒரே வலது கை. பதற்றத்தில் முறுக்கியதை விடாமலே பிரேக்கைப் பிடிப்பவர்கள் நிறைய. நானும் செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் இல்லாத காய்ந்த தார்த் திடலில் பழகுங்கள். ஹெல்மெட், சப்பாத்து, நீளக்கால் சட்டை கட்டாயம். தரையில் ஒரு செலிப்பரை அடையாளமாகப் போட்டு, அதைத் தாண்டும்போது பிடியுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பத்து முறை, கை பழகியதும் 30, பிறகு 40. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 60இல் போனால், யோசிக்கும் ஒரு நொடியிலேயே 17 மீட்டர் ஓடிவிடும்.

மழையில் எல்லாவற்றையும் இன்னும் மென்மையாகச் செய்யுங்கள். தோட்டத்து லாரி பெரிய ரோட்டில் ஏறும் முச்சந்தியில் செம்மண் ஒட்டியிருக்கும், நனைந்தால் சவர்க்காரம்தான். அங்கே எந்தப் பிரேக்கையும் நம்பாமல் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பின்னால் வருபவன் ஹாரன் அடித்தாலும், நான் இன்றைக்கும் அங்கே இரண்டாம் கியரில்தான் போகிறேன்.