ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் மாரடைப்பு வந்தது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் ஆபரேஷன் செய்தார்கள். முன்னதாக எடுத்த ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். ஆனால் இரண்டாம் நாள் மாரடைப்பு என்றார்கள். நெஞ்சுவலியே இல்லை. மயக்க மருந்துதான் காரணமா? இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்திருக்கும் அப்பாவுக்கு அடுத்த மாதம் புராஸ்டேட் ஆபரேஷன் என்பதால் பயமாக இருக்கிறது.

பதில்: மயக்க மருந்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆபரேஷனுக்குப் பிந்தைய மாரடைப்பு பெரும்பாலும் மயக்கம் தெளிந்த பிறகு, முதல் 3 நாட்களுக்குள் வருகிறது. எக்கோ இதயத்தின் பம்ப் செய்யும் திறனையும் வால்வுகளையும்தான் காட்டும். இதய ரத்தக்குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும், ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்தால் இரண்டு ரிப்போர்ட்டும் நார்மலாக வரலாம்.

அந்த அடைப்போடேயே அன்றாட வேலைக்குப் போதுமான ரத்தம் போய்க்கொண்டிருக்கும். எலும்பு முறிந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. தொடைக்குள்ளேயே ரத்தம் கசியும், ஆபரேஷனில் இன்னும் கொஞ்சம் போகும், ஹீமோகுளோபின் இறங்கும். வலியாலும் உடல் அதிர்ச்சியாலும் நாடித்துடிப்பு ஏறும். இதயத் தசைக்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அது தளரும் நேரத்தில்தான். துடிப்பு 70லிருந்து 120 ஆனால் அந்த இடைவெளி சுருங்கி, தேவை கூடும் நேரம் பார்த்து வரவு குறையும். கூடவே ரத்த அழுத்தம் இறங்கினாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ தசை தாங்காது. அம்மாவுக்கு நடந்தது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு சிலருக்குக் குழாயிலுள்ள கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் உறையும் தன்மை கூடுவதும் இதற்குத் துணைபோகிறது.

வலி மருந்து ஒருபக்கம், சர்க்கரையால் மழுங்கிய நரம்பு ஒருபக்கம். நெஞ்சுவலி தெரியாமல் போனதில் வியப்பில்லை. "அம்மா ஒரு மாதிரி இருக்காங்க, சம்பந்தமில்லாம பேசறாங்க" என்று கூட இருப்பவர் சொல்வதே பல நேரம் முதல் தகவல். மூச்சிரைப்பு, வியர்வை, குமட்டல் வந்தால் வாயு என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் செய்யாமல் இருந்திருக்கலாமோ என்று வருந்தாதீர்கள். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலேயே கிடந்தால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு எனத் தொடர்ந்து வரும். சீக்கிரம் செய்ததே சரி.

சரி, அப்பா விஷயம். ஸ்டென்ட் எப்போது, எதற்காக வைத்தது என்ற டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஸ்டென்ட் வைத்து 6 மாதமும், மாரடைப்புக்காக வைத்ததென்றால் ஓராண்டும் ஆகும்வரை அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடுவோம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்தவே கூடாது. எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் அறுவை சிகிச்சை மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் அது தொடர வேண்டும். ஆனால் சாப்பிடாதவருக்கு ஆபரேஷன் அன்று புதிதாகத் தொடங்கக் கூடாது. 2008இல் வெளிவந்த பாய்ஸ் ஆய்வில் அப்படித் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடின.

ஆபரேஷனுக்கு முன்பும், பிறகு 24, 48 மணி நேரத்திலும் டிரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். வலியில்லாத மாரடைப்பையும் அது காட்டிக்கொடுக்கும்.