'வாடாமல்லி'யை அம்மாவிடம் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம்; வாசித்துக் காட்டுங்கள். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி', சுயம்பு என்ற திருநங்கையின் கதை; ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். மாலையில் ஓர் அத்தியாயம் என்றால் அம்மாவுக்குக் கனக்காது.

படித்து முடித்தும் அழுகை நிற்கவில்லை என்கிறீர்கள், உங்கள் கடிதத்தில். சுயம்புவுக்காக மட்டும் வரும் அழுகையாக எனக்குத் தோன்றவில்லை. பெரியம்மாவின் பிள்ளையும் சுயம்புவைப் போலவே; மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடி வீட்டை விட்டு அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போனதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்களே! தொண்டை அடைத்த பக்கத்தை மறுபடி புரட்டுங்கள். சுயம்புவைப் பார்த்து அழுதீர்களா, வீட்டாரைப் பார்த்தா? வீட்டாரை என்றால், அம்மாவுக்கு முன்னால் நீங்கள் பேச வேண்டியவர் கொழும்பில் இருக்கிறார்.

அம்மாவிடம் கூத்தைப் பற்றிப் பேசித் தொடங்கலாம். கூத்தாடும் களரியில் பெண் வேடம் கட்டிய ஆண்களை விடிய விடிய ரசித்த ஊர் நம்முடையது. ஆனால் அந்த உவமையை நீட்ட வேண்டாம். கூத்தில் வேடம் விடிந்ததும் கலைந்துவிடும்.

அந்தப் பிள்ளையின் சம்மதமில்லாமல் புதுப் பெயரையோ இருப்பிடத்தையோ வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நாவல் காட்டுவது அன்றைய தமிழ்நாட்டை. இலங்கையில் 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்த வழி இருக்கிறது. பெரியப்பா சட்டம் பேசினால் இதைச் சொல்லுங்கள்.