விதைநெல் கொடுக்கும் விழா

கேள்வி: பிலிப்பைன்ஸில் பெரிய கம்பெனிகளைச் சாராத சுயாதீனப் படங்களுக்கென்று வருஷா வருஷம் விழா நடத்துகிறார்களே, அதனால் அவர்கள் பண்பாட்டுக்கு என்ன கிடைத்தது? நாலு பேர் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போவதுதானே?
- கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: கைதட்டலோடு முடிந்திருந்தால் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் 2005-இல் மணிலாவில் தொடங்கிய சினிமலாயா விழாவைப் பாருங்கள். தகலோக் மொழியில் 'மலாயா' என்றால் சுதந்திரமான என்று பொருள். அவர்கள் கதையைப் படித்துத் தேர்ந்தெடுத்து, கேமராவைத் தூக்கும் முன்பே இயக்குநர் கையில் பணம் கொடுக்கிறார்கள். ஆரம்ப வருஷங்களில் ஒரு முழுநீளப் படத்துக்கு 5 லட்சம் பெசோ. நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் அது விதைநெல். அதை வைத்து முழுப் படத்தையும் எடுத்துவிட முடியாது, மீதிக்கு அலையத்தான் வேண்டும், ஆனாலும் விதை வீட்டில் இருந்தால்தானே நாற்றங்காலில் இறங்கவே மனசு வரும்?

7,641 தீவுகள், 170-க்கு மேல் மொழிகள் உள்ள நாடு அது. பெரிய கம்பெனிப் படங்கள் பெரும்பாலும் தகலோகில்தான் வரும். தெற்கே மிண்டனாவோவிலிருந்து ஆவணம் இல்லாமல் படகேறி மலேசியாவின் சபாவுக்குப் போகிறவர்களைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்? 'ஹலாவ்' என்கிற படம் அவர்களைப் பற்றியதுதான், 2010-இல் சினிமலாயாவின் புதியவர்கள் பிரிவில் சிறந்த படமும் அதுதான். 2013-இல் அதே பரிசு வாங்கிய 'டிரான்சிட்', இஸ்ரேலில் வேலை பார்க்கும் ஒரு பிலிப்பினோ அப்பா, தன் நாலு வயசுப் பையனை நாடு கடத்திவிடுவார்களோ என்று பயந்து வீட்டுக்குள்ளேயே ஒளித்து வளர்க்கிற கதை. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பாத தெரு நம் மன்னார்குடி, முத்துப்பேட்டைப் பக்கம் உண்டா? அந்த வாழ்க்கையை நாம் எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம் என்று யோசித்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2009-இலிருந்து 'சினிமா ரெஹியோன்' என்று இன்னொரு விழாவும் நடக்கிறது. தலைநகருக்கு வெளியே எடுத்த படங்களுக்கானது, ஊர் ஊராக மாறிப் போகும். தன் தாய்மொழியைத் திரையில் கேட்கிற பிள்ளைக்கு, அந்த மொழியிலும் கதை சொல்லலாம் என்கிற நம்பிக்கை வருமே, நீங்கள் கேட்ட 'என்ன கிடைத்தது' என்பதற்கு என் பதில் அதுதான்.

கேள்வி: சரி, இதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம் நடக்கிற காரியமா?
- அதே வாசகி

பதில்: ஏன் நடக்காது? 1966-இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸிலிருந்து வந்த ஐ.ஆர். எட்டு நெல்லையே நம் வயலில் போட்டு விளைத்தவர்கள் நாம். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளா நடக்கும்போது, பிழைப்புக்கு வெளியூர் போனவர்கள்கூட ஊர் திரும்பி வேஷம் கட்டுகிறார்கள். தேதி நிச்சயமாக இருந்தால் கூட்டம் தானாக வரும்.

சம்பா அறுவடை முடிந்து மாசியில் கையில் கொஞ்சம் காசு இருக்கும், கல்யாண மண்டபமும் கிடைக்கும். ஆனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கதைகளை வாங்குங்கள். முதல் வருஷம் மூன்றே மூன்று குறும்படத்துக்கு, ஊர்க்காரர்களிடம் வசூலித்தாவது, எடுப்பதற்கு முன்பே பணம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் நோட்டீஸ் அடிக்கலாம்.