பாம்பு பிடிக்கத் தெரிய வேண்டுமா?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பாம்பு, ஓணான் என்றால் எனக்கு உயிர். ஊர்வன பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. பாம்பு பிடிப்பவர் ஒருவரிடம் பயிற்சிக்குப் போகட்டுமா என்று கேட்டதில் வீட்டில் பெரிய சண்டை. "பி.எட். முடித்து டீச்சர் வேலைக்குப் போ, காட்டில் சுற்றினால் சோறு கிடைக்குமா?" என்கிறார் அம்மா. பெண்ணான என்னால் இதில் நிலைக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– தருமபுரி மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பாம்பு பிடிக்கும் பயிற்சிக்குப் போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் அம்மா பக்கம். வனத்துறை அனுமதி இல்லாமல் பாம்பைப் பிடித்தால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். ஆபத்தும் சின்னதல்ல: 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கு முதலில் பழக வேண்டியது கண். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் இருளர் பெரியவரோடு வயல் வரப்பில் நடந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. நான் பாம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு எலி வளையாகக் குனிந்து பார்த்தபடி வந்தார். ஒரு வளையின் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது, நிற்காமல் தாண்டிவிட்டார். அடுத்த வளையின் விளிம்பில் மண் வழவழவென்று தேய்ந்திருந்தது, ஓரத்தில் நகத்தளவு பாம்புச் சட்டை. "உள்ளதான் இருக்கு" என்றார். கடப்பாரையைத் தொடும் முன்பே அவர் வேலையில் பாதி முடிந்துவிட்டது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த அறிவில்தான் நிற்கிறது. உரிமம் பெற்றுப் பிடித்து, விஷம் எடுத்தபின் பாம்பைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும் பங்கு அங்கிருந்துதான் போகிறது.

உங்கள் மாவட்டத்தில் பாறைகளுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் பாறை ஓணான் இருக்கும் ஒரு பாறையைத் தேர்ந்தெடுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு செக்கச்செவேலென்றும் பக்கவாட்டு கன்னங்கரேலென்றும் இருக்கும். இன்னோர் ஆண் எதிரே வந்தால் சில நொடிகளிலேயே நிறம் மாறும். பார்க்க அவ்வளவு அழகு! வாரம் மூன்று நாள், ஒரே நேரம், அரை மணி நேரம் உட்காருங்கள். எத்தனை ஆண், எத்தனை பெண், வெயிலா நிழலா, பாறையின் வெப்பம் எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றுமே வராத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள். பலர் அந்த நாளை விட்டுவிடுவார்கள். அப்புறம் அந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. கூடவே புள்ளியியலும் படியுங்கள். கணக்கைப் போட 'ஆர்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

பெண்ணால் முடியுமா என்றால், ஜே. விஜயா என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கும்போதே சென்னைப் பாம்புப் பண்ணைக்கு வந்து சேர்ந்தவர். 1912இல் அறிவியலுக்குத் தெரியவந்து, பிறகு சுமார் எழுபது ஆண்டுகள் ஆய்வாளர் கண்ணில் படாமல் இருந்த பிரம்பு ஆமையை 1982இல் கேரளக் காட்டில், காடர் பழங்குடியினரின் துணையோடு மறுபடி கண்டுபிடித்தார். முப்பது வயது ஆகும் முன்பே, 1987இல் இறந்துபோனார். அந்த ஆமையின் பேரினத்துக்கு 2006இல் விஜயகெலிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்தும் போகும், கனத்தும் போகும். இன்றைக்கும் களத்தில் பெண்ணுக்குக் கூடுதல் சிரமம் உண்டு. எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் தங்குமிடம் எப்படி, இரவில் துணைக்கு யார், புகார்க் குழு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மேற்படிப்புக்கு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் எம்.எஸ்சி. வன உயிரியல் இருக்கிறது. டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு, கடும் போட்டி. அங்கே ஆண்டுதோறும் சேர்க்கை இருக்காது. எந்த ஆண்டு என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

சரி, சோறு. முதல் சில ஆண்டுகள் கை இறுக்கம்தான், மறைக்க மாட்டேன். திட்ட வேலைகள் ஆறு மாதம், ஒரு வருடம் என்றுதான் கிடைக்கும். ஒரு திட்டத்தில் நான்கு மாதச் சம்பளம் வராமல் அண்ணனிடம் கடன் வாங்கித்தான் சாப்பிட்டேன். ஆனால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று பிஎச்.டி.யில் சேர்ந்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. இந்தக் கணக்கை அம்மாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். எம்.எஸ்சி. முடித்தபின் பி.எட். படிக்கவும் வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவருக்குக் கொஞ்சம் மூச்சு வரும். ஒருநாள் காலையில் பாறைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் குறிப்பெடுக்கும்போது ஆண் ஓணானை அவர் எண்ணட்டும்.